பல் கறையா, ஃபுளோரோசிஸா?

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் பிள்ளைகளின் முன்பற்களில் சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புப் பட்டைகளோ தெரிந்தால், அதைச் சொத்தை என்றோ, ஒழுங்காகப் பல் துலக்காத கறை என்றோ எண்ணிப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மருத்துவச் சீட்டில் ‘டென்டல் ஃபுளோரோசிஸ்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் இதுதான். ஏறத்தாழ 8 வயதுக்குள், பல்லின் எனாமல் என்னும் வெளிப்பூச்சு உருவாகும் காலத்தில், குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு என்னும் தாது உப்பு விட்டுச்சென்ற தடம் என்பதால், எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பாவம், குழந்தைகள் இதற்காகவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சொத்தைக்குப் பெயர் ‘கேரிஸ்’. அதில் குழி விழும்.

பெரியவர்களுக்குக் கழுத்தும் முதுகும் விறைத்துக் குனிய முடியாமல் போவதற்கு ஃபுளோரைடு எலும்பைப் பாதிக்கும் ‘ஸ்கெலிட்டல் ஃபுளோரோசிஸ்’ காரணமாக இருக்கலாம். வெறும் மூட்டுவலி என்று மட்டும் சொன்னால் மருத்துவரின் கவனம் ‘ஆர்த்ரைட்டிஸ்’ எனும் மூட்டு அழற்சியின் பக்கமே போகக்கூடும் என்பதால், எத்தனை ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வருகிறீர்கள் என்பதையும் தவறாமல் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நீரைப் பரிசோதித்து, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.