எலிசபெத் அரசவை பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை (ஆட்சி: 1558–1603) ‘கலைஞர்களுக்கு வாரி வழங்கிய அரசி’ என்று எழுதும்போதே பிழை தொடங்கிவிடுகிறது. நம் புலவர் கதைகளில் வரும் பொற்கிழியை மனதில் வைத்துக்கொண்டு அந்த அரசவையைப் பார்க்கக் கூடாது. எலிசபெத் சிக்கனக்காரர். கஜானாவைத் திறப்பதைவிட, சம்பாதிக்கும் உரிமையை எழுதிக் கொடுப்பதையே விரும்பினார். சுங்கக் குத்தகை, தனி வணிக உரிமை, பதவி, நிலம் என அவர் காட்டிய ஆதரவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருந்தது.

அரசியின் செல்லப்பிள்ளையாக இருந்த எசெக்ஸ் பிரபு ராபர்ட் டெவரூவின் வீழ்ச்சியைக் காதல் கதையாக்குவது அடுத்த தவறு. இனிப்பு ஒயின் இறக்குமதிக்குச் சுங்கம் வசூலிக்கும் குத்தகை முதலில் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியிடம் இருந்தது. 1588இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவியின் மகனான எசெக்ஸுக்குப் போனது. அந்த வருமானத்தை நம்பித்தான் எசெக்ஸுக்குக் கடன் கிடைத்தது. 1599இல் அயர்லாந்துப் போரில் வெற்றி காணாமல், உத்தரவில்லாமல் திரும்பியவர், நான்சச் அரண்மனையில் அரசி உடுத்தி முடிக்காத காலை வேளையில் நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டார். மறு ஆண்டு குத்தகைக் காலம் முடிந்தது, அரசி புதுப்பிக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 1601 பிப்ரவரியில் ஆள் திரட்டிக்கொண்டு கிளர்ச்சி செய்ய லண்டன் தெருவில் இறங்கினார். அந்த மாதம் 25ஆம் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அரசிக்கு 67 வயது, அவருக்கு 35. காதல் மொழியில் அரசியைப் புகழ்வது அந்த அவையில் எல்லாரும் கடைப்பிடித்த மரியாதை. அதை அப்படியே நம்பி எழுதினால் ஒயின் குத்தகை கண்ணிலேயே படாது.

அரசவை என்றதும் ஆண்களை மட்டும் எழுதுவதும் சரியல்ல. ஆள்பவர் பெண் என்பதால் அந்தரங்க அறைகளில் அவருடன் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. பிளான்ச் பாரி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் அருகிலேயே இருந்தார்கள். மனுக்கள் அவர்கள் வழியாகவும் அரசியிடம் போயின. அவர்களின் திருமணத்துக்குக்கூட அரசியின் அனுமதி வேண்டும். தோழி எலிசபெத் த்ராக்மார்ட்டனை ரகசியமாக மணந்த வால்டர் ராலேயும் அந்தப் பெண்ணும் 1592இல் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்கள்.

ஷேக்ஸ்பியரை அரசவைக் கவிஞர் என்று எழுதாதீர்கள். நாடோடிகள் என்று தண்டிக்கப்படாமலிருக்க, 1572 சட்டப்படி நாடகக் குழுக்களுக்கு ஒரு பிரபுவின் பெயர் தேவைப்பட்டது. 1594இல் அவருடைய குழுவுக்கு அப்படிப் பெயர் தந்தவர் ஹன்ஸ்டன் பிரபு. அரண்மனையில் ஒரு நாடகத்துக்கு வழக்கமாகக் கிடைத்தது 10 பவுண்டு. அன்றாடப் பிழைப்பு, காசு கொடுத்துப் பார்க்க வந்த மக்களால் நடந்தது. கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சருக்கு 1591இல் ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது அரிதான விஷயம். இசைக்கலைஞர்கள் டாலிஸுக்கும் பேர்டுக்கும் 1575இல் கிடைத்ததோ, இசை நூல் அச்சிடும் 21 ஆண்டு தனியுரிமை. அதில் நஷ்டப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் மறுபடி அரசியிடம் மனு போட்டார்கள்.

இந்த உரிமைகளால் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்த மக்களை மறப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. உப்பு, துணிக்குப் போடும் கஞ்சி மாவு, சீட்டுக்கட்டு வரை தனியுரிமை போய், விலை ஏறியது. 1601 நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு எழுந்த பிறகே அரசி சிலவற்றை ரத்து செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைத் தனிக் கதையாகப் பிரிக்காமல் இங்கேதான் வைத்துப் படிக்க வேண்டும். 1600 டிசம்பர் 31 அன்று அவர் அளித்த அதுவும், கிழக்கு நாடுகளுடன் வணிகம் செய்ய 15 ஆண்டுகளுக்கான தனியுரிமைதான். அந்தக் கம்பெனிதான் 1639இல் மதராசில் நிலத்தைப் பெற்றது.