பிரபலத் தம்பதியின் வாழ்க்கையைக் குடும்ப ஒப்புதல் இல்லாமல் எழுதுவது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு வழிகாட்டி

குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமலும் பிரபலங்களின் வாழ்க்கையை எழுதலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தை நாமே காட்ட வேண்டும். ‘வீட்டாரே சொன்னார்கள்’ என்று ஒதுங்க முடியாது. கணவன் மனைவி இருவரையும் எழுதினால் பொறுப்பு கூடும், ஒருவரைப் பற்றிய உண்மை மற்றவரின் அந்தரங்கமாகவும் இருக்கும் என்பதால். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் அவர் மனைவி, நடிகை டி.ஏ. மதுரத்தையும் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இருவரைப் பற்றியும் நீதிமன்றப் பதிவு, பத்திரிகைச் செய்தி, ஊர்ப்பேச்சு மூன்றுமே நிறைய உண்டு. மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் இந்த வகைப் புத்தகங்கள் கெட்டுப்போகின்றன.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதை தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை. ஒருவரின் திருமணம், குடும்பம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக்கூடாது. எழுதியது உண்மையா, புகழ்ச்சியா, கண்டனமா என்பது இங்கே கணக்கில் வராது. நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணங்களில் ஏறிய செய்தியை எழுத ஒப்புதல் தேவையில்லை. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் மட்டும் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது. 2017இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஜெயலலிதா பற்றிய திரைப்பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், அந்த உரிமை ஆளோடு முடிகிறது, வாரிசுக்குப் போகாது என்று தீர்ப்பளித்தது.

‘செத்தவரைப் பற்றி என்னவும் எழுதலாம்’ என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர்மீது சுமத்தும் பழியையும் அவதூறில் சேர்க்கிறது. இறந்தவரின் கதைக்குள் உயிரோடிருக்கும் மனைவி, மகன், மருமகள் வந்தால் அவர்களுடைய அந்தரங்க உரிமை முழுசாக இருக்கிறது. விவாகரத்து வழக்கின் தாள்களும் தனி விஷயம். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி அந்த விசாரணை விவரத்தை அச்சிடுவதே குற்றம். நீதிமன்ற அனுமதி பெற்று வெளியிடும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு. குடும்ப நீதிமன்ற மனுவின் நகல் எப்படியோ கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதை மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

குமரி ஆவணங்களைத் தேடுகிறவர் முதலில் எங்கே தேடுவது என்பதிலேயே தவறுவார். 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பழைய அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பக்கூடாது, திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டும். பல தாள்கள் மலையாளத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் போதாது, பழைய ஆதார (பத்திர) நடை தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். தேதி கேரள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் தேதியிலிருந்து டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கலைவாணர் பிறந்தது 1908 நவம்பர் 29, அதாவது கொல்லம் 1084 கார்த்திகை. கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டுகிறவர் அவரை 1909இல் பிறக்க வைத்துவிடுவார். பிறந்த ஆண்டில் விழுந்த பிழை, மணவயது, முதல் மேடை என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

சொத்து விவரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டும். கிறித்தவத் தம்பதி என்றால் பங்குக் கோவில் அல்லது சபைப் பதிவேடு பெரும்பாலும் கிடைக்கும். பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ எழுத்துமூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் கேட்டால் 8ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

திருமணத்தைப் பற்றி எழுதும்போது அந்தக் காலத்துச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் மணம் செய்வதற்குத் தடை வந்தது 1949இல். நாடு முழுக்க 1955இல். மதுரத்தைக் கலைவாணர் மணந்தது 1930களில், அப்போது நாகம்மாள் அவருடைய மனைவியாக இருந்தார். ‘சட்டவிரோதத் திருமணம்’ என்று இன்றைய கண்ணால் எழுதினால் அது பிழை, அவதூறும்கூட. அதே போல, பதிவுச் சான்று கிடைக்கவில்லை என்பதால் ‘தாலி கட்டவே இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009ஆம் ஆண்டுடையது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஒப்புதல் கிடைத்ததே 1967 திருத்தத்தால்தான், அது முன்பு நடந்தவற்றுக்கும் செல்லும். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பமென்றால் மருமக்கள்வழி முறையையும் (சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் முறை) படித்துக்கொள்ளுங்கள். மனைவி மக்களுக்குச் சொத்து போகாதது பிணக்கின் அடையாளமாக இல்லாமல், வழக்கமான முறையாகவே இருந்திருக்கலாம்.

இனி வதந்தி. 1940களில் லட்சுமிகாந்தன் நடத்திய ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ போன்ற இதழ்கள் நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைகளை விற்றன. அவர் 1944 நவம்பரில் குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் கலைவாணரும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்தது; 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. 1945ஆம் ஆண்டுச் செய்தித்தாளோடு நின்றுவிட்ட எழுத்தாளர் குற்றமற்ற ஒருவரைக் கொலையாளியாக்கிவிடுவார். எந்த வழக்கானாலும் கடைசித் தீர்ப்பைப் படிக்காமல் ஒரு சொல்கூட எழுதாதீர்கள். இப்படிப்பட்ட இதழ் கிடைத்தால், ‘இன்ன தேதியில் இப்படியொரு பேச்சு அச்சில் இருந்தது’ என்பதற்கு மட்டுமே அது சான்று. பேச்சு உண்மை என்பதற்குச் சான்று ஆகாது. பழைய சினிமாப் பத்திரிகைகளில் வந்த காதல் செய்திகளையும் படம் வெளியான தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியீட்டுக்கு முந்தின இரண்டு வாரத்தில் வந்திருந்தால் விளம்பரத்துக்காகக் கிளப்பியதாக இருக்கலாம்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், நான்கு கட்டங்கள்: செய்தி, யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், எத்தனை வாய் தாண்டி வந்தது. நேரில் கண்டவர் என்றால் பூஜ்யம். இரண்டுக்கு மேல் போனது எதுவும் புத்தகத்தில் ஏறக்கூடாது. இரண்டு பேர் ஒன்றையே சொன்னாலும், இருவரும் ஒரே மூன்றாமவரிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான்; இந்த இடத்தில் தேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் வரும். “ஆச்சி, அது இணைப்புக்கு முன்னயா பின்னயா?” என்று கேளுங்கள். 1956 இணைப்பை மறந்த பெரியவர்கள் குமரியில் குறைவு. அடுத்த குறி 1970, விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்தது. ‘சண்டை போட்டார்களா’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். வீட்டில் எத்தனை அறை, யார் எங்கே படுத்தார்கள், அடுப்படி யார் கையில், காசு யாரிடம் என்று கேட்டால் உறவு தானாகத் தெரியவரும். ஒலிப்பதிவை இரண்டு கருவியில் எடுங்கள், ஒன்று நின்றுபோனாலும் மற்றது இருக்கும். தொடக்கத்திலேயே பெயர், தேதி, ‘இதை அச்சிடலாம்’ என்ற சம்மதம் மூன்றையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைத் தாள்களை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கடிதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வது. தாள் வைத்திருப்பவருக்கு எழுத்தின் காப்புரிமை இல்லை. அது எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. கலைவாணர் 1957இல் மறைந்தார், அவர் வாழும்போது வெளியான எழுத்துகளின் காப்புரிமை 2017 முடிவோடு தீர்ந்தது. மதுரம் மறைந்தது 1974, அவருடையது 2034 முடிய நீடிக்கும். எழுதியவர் இறக்கும்வரை அச்சாகாத கடிதமோ, முதலில் வெளியான ஆண்டு முடிந்தபின் இன்னும் 60 ஆண்டு காப்பில் இருக்கும். ஆகவே கடிதத்தின் செய்தியை உங்கள் சொல்லில் எழுதி, மிகத் தேவையான ஓரிரு வரியை மட்டும் மேற்கோள் காட்டுங்கள். புகைப்படங்களும் 60 ஆண்டுக் கணக்குதான்; 2012 திருத்தம் வரை வெளியான ஆண்டிலிருந்து, அதன்பின் எடுத்தவர் இறந்த ஆண்டிலிருந்து. ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை காசு கொடுத்தவருக்கு.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு அந்தரங்கச் செய்தியின் ஓரத்திலும், அது இவர்களுடைய தொழிலையோ பொதுவாழ்வையோ விளக்குகிறதா என்று குறியுங்கள். இல்லையென்றால் உண்மையாக இருந்தாலும் அடியுங்கள். கணவர் சிறையிலிருந்த காலத்தில் மதுரம் நாடகக் குழுவை எப்படி நடத்தினார் என்பது இருவரின் கலைவாழ்வுக்குமே முதுகெலும்பு, அதற்கு ஒரு அத்தியாயம் கொடுக்கலாம். பல தம்பதி வரலாறுகளில் மனைவி அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போவது நியாயமே இல்லை. அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள், அவர் பெயரில் தொடங்குபவை எத்தனை என்று.

அச்சுக்குப் போகுமுன் உயிரோடிருக்கும் உறவினருக்கு, எழுதப்போகும் சர்ச்சைக்குரிய செய்திகளை எண்ணிட்ட கேள்விகளாக, ஒப்புகையோடு அனுப்பி மூன்று வாரம் பொறுங்கள். பதில் வந்தால் அவர்கள் சொல்லிலேயே சேருங்கள். வராவிட்டால் ‘பதில் அளிக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள், ‘மறுக்கவில்லை’ என்று எழுதக்கூடாது. உள்பக்கத்தில் ‘இது குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்ற வரலாறு அல்ல’ என்று போடுங்கள். பதிப்பாளர் ஒப்பந்தத்தில் வழக்குச் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்டும் பிரிவு இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முதல் அச்சு 300 பிரதி போதும். தடை வந்தால் தேங்குவது குறையும், திருத்தம் வந்தால் அடுத்த அச்சில் சேர்க்கலாம். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கக் காலவரம்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டு, ஆனால் ஒவ்வொரு மறு அச்சோடும் புது வழக்கு வர வாய்ப்புண்டு என்பதால் ஒலிப்பதிவையும் நோட்டையும் புத்தகம் விற்பனையில் இருக்கும்வரை அழிக்காதீர்கள்.