வயர் மூன்று போதும்: சீரியல் வழியாக ராஸ்பெரி பைக்குப் பைல் அனுப்புவோம்

உரும்பிராயில் சித்தப்பாவின் தோட்டக் கிணற்றடியில் ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி ஒன்று நீர்மட்டத்தை அளந்துகொண்டிருக்கிறது. வற்றாத ஆறே இல்லாத யாழ் குடாநாட்டில் கிணறுதான் எல்லாம், அதனால் அந்தக் கணக்கு எங்களுக்கு முக்கியம். ஆனால் அங்கே வைஃபை இல்லை, மொனிற்றர் இல்லை. புதிய புரோகிராம் ஒன்றைப் போட வேண்டுமென்றால் லப்டொப்போடு போய் சீரியல் வயரைச் செருகுவேன். நீங்களும் செய்யலாம், கடினமில்லை.

தேவையானது லப்டொப்பின் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்றும் மூன்று ஜம்பர் வயரும். அடாப்டர் 3.3 வோல்ட்டில் இயங்க வேண்டும். சிலவற்றில் 3.3, 5 என்று மாற்றும் சிறு ஜம்பர் இருக்கும். அது 5இல் இருந்ததைக் கவனிக்காமல் இணைத்து ஒரு போர்டின் 10ஆம் பின்னைப் பழுதாக்கிவிட்டேன். அன்றிலிருந்து மல்டிமீற்றரால் அளக்காமல் நான் இணைப்பதே இல்லை.

இனி இணைப்பு. பையின் 6ஆம் பின் கிரவுண்ட், அதை அடாப்டரின் கிரவுண்டுடன் முதலில் இணையுங்கள். 8ஆம் பின் பை பேசும் பின், அது அடாப்டர் கேட்கும் பின்னான ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். 10ஆம் பின் பை கேட்கும் பின், அது அடாப்டர் பேசும் பின்னான டிஎக்ஸுக்கு. ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு என்று நினைத்தால் மறக்காது. அடாப்டரின் மின் பின்னைத் தொடவே வேண்டாம், பைக்கு அதன் சொந்த மின்சாரம் இருக்கிறது.

பை 3, பை 4 என்றால் எஸ்டி கார்டை லப்டொப்பில் போட்டு, கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி பைலின் கடைசியில் ‘எனேபிள்_யூஆர்ட்=1’ என்ற வரியை ஆங்கில எழுத்தில் சேருங்கள். பை 5இல் முறை வேறு.

லப்டொப்பில் டெரா டேர்ம் என்ற சீரியல் டேர்மினல் புரோகிராமைத் திறந்து, வேகம் 115200, ஃபுளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். பைக்கு மின்சாரம் கொடுத்ததும் எழுத்துகள் ஓடும். குப்பை எழுத்து வந்தால் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் வயர் இரண்டும் இடம் மாறியிருக்கும்.

லொகின் செய்தபின் பைல் அனுப்பலாம். பையில் சீரியல் வழியாகப் பைல் வாங்க உதவும் எல்ஆர்இசட்எஸ்இசட் பக்கேஜ் இருக்க வேண்டும், இன்ரநெற் உள்ள இடத்திலேயே அதை நிறுவிவிட்டுப் போங்கள். ஆர், இசட் என்ற இரண்டு எழுத்துக் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு நட்சத்திரக்குறியும் புரியாத எண்களும் திரையில் வரும். பயப்பட வேண்டாம், அது இசட்மோடெம் என்ற பைல் அனுப்பும் முறை ‘அனுப்பு’ என்று கேட்கும் விதம். இப்போது டெரா டேர்மின் ஃபைல் மெனுவில் டிரான்ஸ்ஃபர், இசட்மோடெம், சென்ட் என்று போய்ப் பைலைத் தெரிவுசெய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எம்டி5 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரு பைட்டுக்கு 10 பிட் போகிறது, ஆகவே நொடிக்கு அதிகபட்சம் 11,520 பைட். 1 எம்பிக்கு ஒன்றரை நிமிடம், 10 எம்பிக்குக் கால் மணி நேரம். சுருக்கி அனுப்புங்கள்.

சரி, போர்டு எழும்பவே மறுத்தால்? ராஸ்பெரி பையில் சீரியல் வழி பூட் கிடையாது, எஸ்டி கார்டை மீண்டும் எழுத வேண்டியதுதான். ஆனால் பீகிள்போன் பிளாக் என்ற இன்னொரு சிறு கணினி போர்டு வேறு சாதி. உள்நினைவகம் வெறுமையாகி, எஸ்டி கார்டும் இல்லாவிட்டால், அது சீரியலில் ஆங்கில ‘சி’ எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். செத்துவிட்டது என்று நினைத்த போர்டு அப்படிக் கூப்பிடுவதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி. அதன் சீரியல் பின்கள் ஜே1 என்ற ஆறு பின் வரிசையில்: 1 கிரவுண்ட், 4 கேட்பது, 5 பேசுவது.

‘சி’ வரும்போது, போர்டை எழுப்பும் புரோகிராமான யூ-பூட்டின் எஸ்பிஎல் என்ற சிறிய முதற்கட்டப் பைலை எக்ஸ்மோடெமில் அனுப்புங்கள். அது ஓடத் தொடங்கி மறுபடி ‘சி’ கேட்கும். இப்போது முழு யூ-பூட் இமேஜை வைமோடெமில் கொடுங்கள்; இந்த இரண்டும் இசட்மோடெம் போன்ற பைல் அனுப்பும் முறைகள்தான். எண்கள் இறங்கத் தொடங்கியதும் ஒரு விசையை அழுத்தினால் யூ-பூட் கட்டளைக்குக் காத்திருக்கும். அது இன்னும் ராமில் மட்டுமே இருக்கிறது. உள்நினைவகத்தில் எழுதி முடியுமுன் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்துதான், எனவே போர்டுக்கும் யூபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.