செஃப் கிளஸ்டரில் இடம் தீரும் முன்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் சர்வர் அறையில் ஐந்து இயந்திரங்கள். அவற்றின் டிஸ்குகளை ஒரே சேமிப்பகமாக இணைப்பது செஃப் (Ceph) என்ற மென்பொருள். ஒவ்வொன்றிலும் 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு. மொத்தம் 80 டிபி என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி மாட்டிக்கொண்டேன். நாங்கள் ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக வைக்கிறோம். ஓர் இயந்திரம் படுத்தால் மீதி நான்கும் அதன் சுமையைத் தாங்க வேண்டும், அப்போதும் டிஸ்குகள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது. கணக்குப் போட்டால் கைக்கு வருவது சுமார் 18 டிபி, அவ்வளவுதான்.

செஃபின் இயல்பான அமைப்பில் 85இல் எச்சரிக்கை, 90இல் அந்த டிஸ்குக்குத் தரவு நகர்த்துவது நிற்கும், 95இல் எழுதுவதே நின்றுவிடும். இது சராசரிக் கணக்கு அல்ல. ஒரே ஒரு டிஸ்க் 95ஐத் தொட்டாலும் போச்சு. செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த போன் வந்தது. சராசரி 71, ஒரு டிஸ்க் மட்டும் 95! அன்றிலிருந்து ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப்’ கட்டளையைப் போட்டு, ஒவ்வொரு டிஸ்கின் சதவீதத்தையும் பார்த்த பிறகுதான் காலை டீ.

ஏற்றத்தாழ்வு தெரிந்தால், தரவை டிஸ்குகளுக்கிடையே சமமாகப் பரப்பும் செஃபின் பேலன்சரை ‘அப்மேப்’ (upmap) என்ற முறையில் ஓடவிடுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த பதிவுகளை, கழியுங்கள். செஃபில் டிஸ்க் வைத்து ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் கோப்பை அழித்தால் மட்டும் இடம் திரும்பாது. காலியான இடத்தைச் செஃபுக்குத் தெரிவிக்கும் ‘எஃப்எஸ்டிரிம்’ (fstrim) கட்டளையை உள்ளே ஓட்ட வேண்டும்.

ஏற்கெனவே எழுதுவது நின்றுவிட்டதா? எழுதுவதை நிறுத்தும் அந்த 95 வரம்பை 97க்கு உயர்த்தி, வேண்டாததை அழித்து, உடனே பழையபடி 95க்கு இறக்குங்கள். அப்புறம் புது டிஸ்குக்கு முதலாளியிடம் போகலாம்.