பிரைமாகுயின் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரைமாகுயின் ஒரு மலேரியா மாத்திரை. போன வாரம் வார்டுக்குப் புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர், முந்தின ராத்திரி 2 யூனிட் ரத்தம் ஏற்றிய நோயாளியிடம் காலையில், இந்த மாத்திரை கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய ஜி6பிடி என்சைம் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இந்த மாத்திரை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

வெறும் வயிற்றில் கொடுப்பது

வயிற்றைப் புரட்டும். சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுவது

சென்னையில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை மலேரியாதான். காய்ச்சலை இறக்கும் குளோரோகுயின் 3 நாளில் முடிந்துவிடும். ஆனால் கல்லீரலில் தூங்கும் கிருமிகளான ஹிப்னோசோயிட்டுகளை அது தொடாது. அதற்குத்தான் பிரைமாகுயின்: பெரியவர்களுக்குத் தினம் 15 மில்லிகிராம், 14 நாள். உடம்பு தேறியதும் வேலைக்குப் போய் மாத்திரையை மறந்தவருக்கு, புதிதாகக் கொசு கடிக்காமலேயே காய்ச்சல் திரும்பி வரும்.

ரத்தம் ஏற்றிய பிறகு ஜி6பிடி பார்ப்பது

இந்த மருந்து கல்லீரலில் மாறிய பிறகுதான் கிருமியைக் கொல்கிறது. அப்படி மாறிய பொருட்கள் சிவப்பணுவையும் ஆக்சிஜனேற்றத்தால் தாக்கும். அதைத் தாங்க அணுவுக்குக் குளுட்டாதயோன் வேண்டும். செலவான குளுட்டாதயோனைப் புதுப்பிக்கச் சிவப்பணு நம்பியிருப்பது ஜி6பிடி என்ற என்சைமை. அது குறைவாக இருந்தால் அணு உடைகிறது. இந்தக் குறைபாடு 1956-ல் வெளிச்சத்துக்கு வந்ததே சிகாகோ ஆராய்ச்சியாளர்களின் பிரைமாகுயின் ஆய்வுகளால்தான்.

என் நோயாளி ஒரு பெயிண்டர், சின்ன வயசு. பிரைமாகுயின் தொடங்கிய நாலாம் நாள் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. வீட்டில் சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, ஏனென்றால் பாதியில் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியது நாங்கள். ஏழாம் நாள் வந்தபோது ஹீமோகுளோபின் 5. ரத்தம் ஏற்றினோம். மறுநாள் காலை ஜி6பிடிக்கு ரத்தம் அனுப்பினேன். நார்மல் என்று வந்தது. அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அந்த ட்யூபில் இருந்ததில் பெரும்பங்கு யாரோ தானம் கொடுத்த ரத்தம். இந்தப் பரிசோதனையில் தாளில் வைக்கும் பொட்டு, என்சைம் இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும். அன்று பளிச்சென்று ஒளிர்ந்தது அந்த முகம் தெரியாதவருடைய என்சைம். லேப் மேல் தப்பே இல்லை. ரத்தம் ஏற்றாமலே இருந்திருந்தாலும் அந்த நேரத்து நார்மலை நம்ப முடியாது. என்சைம் தீர்ந்துபோன வயதான அணுக்கள்தான் முதலில் உடையும். மிஞ்சுபவை இளம் அணுக்கள், மஜ்ஜையிலிருந்து புதிதாக இறங்கிய ரெட்டிகுலோசைட்டுகள். அவற்றில் என்சைம் கூடுதலாகவே இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் திரும்பியது. வேறொரு டாக்டர் என் சம்மரியைப் பார்த்துவிட்டு பிரைமாகுயின் எழுதினார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். மூன்றாம் நாள் நோயாளியின் அம்மா ஒரு தண்ணீர் பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "போன தடவை போன அதே நிறம்தான் டாக்டர்." மகன் பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு வரியை நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்த மாத்திரையே அவர் வாய்க்குப் போயிருக்காது.

அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே பரிசோதியுங்கள். அதற்குள் அணுக்கள் உடைந்துவிட்டால், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு ஒரு ட்யூப் எடுத்து வையுங்கள். குறைவு என்று வந்தால் நம்பலாம். நார்மல் என்று வந்தால் நம்பாமல், கடைசியாக ரத்தம் ஏற்றி மூன்று மாதமான பிறகு மறுபடியும் பாருங்கள். அதுவரை சம்மரியில் "பிரைமாகுயினால் சிவப்பணு உடைந்தது, ஜி6பிடி நிலை தெரியாது" என்றே இருக்கட்டும், ரத்தம் ஏற்றிய தேதியோடு.

பெண்களுக்குப் பயமில்லை என்று நினைப்பது

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாட்டை ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். சரி. ஆனால் ஒரு எக்ஸில் மட்டும் குறை உள்ள பெண்ணின் ரத்தத்தில் இரண்டு வகை அணுக்களும் கலந்திருக்கும். பொட்டுப் பரிசோதனை ஒளிரும், குறையுள்ள அணுக்கள் அப்புறம் உடையும்.

உதடு நீலமானால் உடனே மெத்திலீன் புளூ

ஆக்சிஜன் கொடுத்தும் ஆக்சிமீட்டர் 85 பக்கத்திலேயே நின்றால் மெத்தீமோகுளோபினை, அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபினை நினையுங்கள், அதுவும் இந்த மாத்திரை செய்கிற வேலைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் மருந்தான மெத்திலீன் புளூ வேலை செய்யவும் ஜி6பிடி வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு அதுவே மிச்சமிருக்கும் அணுக்களையும் உடைக்கும்.

உப்புக் கணக்கு

26.3 மில்லிகிராம் பிரைமாகுயின் பாஸ்பேட்டில் 15 மில்லிகிராம் பேஸ், அதாவது உப்பு நீங்கலான மருந்து. டோஸ் எப்போதும் பேஸ் கணக்கு.

பாதி சொல்லி அனுப்புவது

இப்போது ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: "14 நாளும் விடாம சாப்பிடுங்க. ஆனா ஒண்ணுக்கு வரக்காப்பி மாதிரி போச்சுன்னா, அடுத்த மாத்திரையப் போடாம அன்னைக்கே இங்க வாங்க."