புளியங்கொட்டைய வச்சு புள்ளைங்களையே ஒரு விளையாட்டு கண்டுபிடிக்க வைக்கலாம் வாங்க

பசங்கள வீட்லயே படிக்க வைக்கிறவங்க நிறைய பேர் கேக்குறது, "எனக்கே கற்பனை வராது, இதுல புள்ளைக்கு எங்க சொல்லித் தர்றது, ஆன்லைன்ல ஏதாவது கிராஃப்ட் கிட் வாங்கிடவா"ன்னு. வேணாங்க. நம்ம தர்மபுரி பக்கம் மாசி பங்குனியில திண்ணைக்கு திண்ணை புளி தட்டிட்டு இருப்பாங்க, ஒரு கை கொட்டை கேட்டா சும்மாவே குடுப்பாங்க, அது போதும்.

முதல்ல நல்லா தட்டையா இருக்குற கொட்டையா நாலு எடுத்து, ஒரு பக்கத்த மட்டும் சொரசொரப்பான சிமெண்ட் தரையில தேய்க்கச் சொல்லுங்க. கருப்புத் தோல் போயி வெள்ளை தெரியணும். தேய்க்கத் தேய்க்க கொட்டை சூடாகும், புள்ளை அத தம்பி கையில வச்சு அவன கத்த வைக்காம இருக்காதுங்க, விடுங்க, உராய்வு பாடம் அங்கயே முடிஞ்சுது. (ரெண்டு மூணு வயசுக் குழந்தை இருந்தா கொட்டைய எண்ணி எடுத்து வைங்க, மூக்குல போட்டுக்கும்.)

அடுத்து தரையில சாக்பீஸ்ல அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போட்டு சாதாரண தாயம் ஆடுங்க. ஒரு வெள்ளை விழுந்தா தாயம், ரெண்டுன்னா ரெண்டு, மூணுன்னா மூணு, நாலும் வெள்ளைன்னா நாலு, நாலும் கருப்புன்னா எட்டுன்னு வச்சுக்கங்க. நல்லா பழகட்டும், தெரிஞ்ச ஆட்டமா இருந்தாதான் மாத்துறதுக்கு கை வரும்.

இப்பதான் விஷயம். "ஒரே ஒரு விதிய மட்டும் மாத்து"ன்னு சொல்லிட்டு நீங்க வாய மூடிக்கணும். "புதுசா ஒண்ணு யோசி"ன்னா எந்தப் புள்ளையும் முழிக்கும், ஒண்ண மட்டும் மாத்துன்னா சடசடன்னு வரும். கட்டம் ஒகேனக்கல் ஆறாகும், காய் பரிசலாகும், நாலும் கருப்பு விழுந்தா பரிசல் கவுந்துச்சு, திரும்ப கரையில இருந்து வா. இல்ல தேன்கனிக்கோட்டை காடாகி நடுக்கட்டத்துல யானை நிக்கும்.

சில விதி ஆட்டத்தையே கெடுக்கும். உதாரணமா "ரெண்டு விழுந்தா இன்னொரு தடவ போடலாம்"னு வச்சா ஒருத்தரே போட்டுட்டு இருப்பாங்க, மத்தவன் கடுப்பாவான். உடனே திருத்தாதீங்க, ஏன் இப்படி ஆகுதுன்னு அவங்களே சண்டை போடட்டும், அப்புறம் ஒரு நோட்டுல எழுதிப் பாக்கச் சொல்லுங்க. நாலு கொட்டை விழுற விதம் மொத்தம் 16, அதுல ரெண்டு வெள்ளை வர்றது 6, ஒண்ணும் மூணும் தலா 4, எல்லாம் வெள்ளையும் எல்லாம் கருப்பும் தலா 1. ஆனா இது ரெண்டு பக்கமும் சமமா விழுந்தாதான், கொட்டை காசு மாதிரி கிடையாதே, தேய்ச்ச பக்கம் தட்டையாகிடும். அதனால 50 தடவ போட்டு கோடு போட்டு எண்ணிப் பாருங்க, நோட்டுக் கணக்கும் கொட்டைக் கணக்கும் எங்க இடிக்குதுன்னு தேடுறதுலயே ஒரு மத்தியானம் போயிடும், நிகழ்தகவுன்னு பேர் கூட சொல்ல வேண்டாம்.

கடைசியா விதிகள ஒரு தாள்ல எழுதச் சொல்லி, எழுத்துப்பிழைய அப்படியே விட்டுட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட குடுங்க. இவன் பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் புள்ளை எங்க முழிக்குதோ அந்த வரிய திரும்ப எழுதணும்.