ஃபாரோ தீவுகளை இரண்டு நாளில் முடித்துவிட முடியாது

ஏப்ரல் பிறந்தால் என் கைப்பேசிக்குப் பயணத் திட்டங்கள் வர ஆரம்பித்துவிடும். கோபன்ஹேகனிலிருந்து தமிழ்க் குடும்பங்களை ஃபாரோ தீவுகளுக்குக் கூட்டிப்போவது என் தொழில். அதனால் "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் அனுப்புவார்கள். முக்கால்வாசி ஒரே அச்சு: ஐஸ்லாந்து ஆறு நாள், கோபன்ஹேகன் மூன்று நாள், நடுவில் ஃபாரோ இரண்டு நாள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் போட்ட அதே கணக்கு.

வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் போடத் தோன்றும். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள். எல்லாம் சேர்த்து 1,400 சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். மக்கள் சுமார் 55,000 பேர். எந்த இடத்தில் நின்றாலும் கடல் ஐந்து கிலோமீட்டருக்குள். இவ்வளவு சின்ன இடத்துக்கு எதற்கு ஒரு வாரம் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல காலணி போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு தலைப்பும் இங்கே வருகிறவர்கள் செய்யும் ஒரு தவறு.

ஷெங்கன் விசா போதும் என்று நம்புவது

போதாது. ஃபாரோ டென்மார்க் முடியாட்சிக்குள் இருக்கிறது, ஆனால் 1948 முதல் தன்னாட்சி. 1973-ல் டென்மார்க் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது ஃபாரோ சேரவில்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு, ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும் என்ற குறிப்பு விசா ஒட்டியில் தனியாக இருக்க வேண்டும். பிரான்ஸோ இத்தாலியோ கொடுத்த விசாவில் அது வராது. டென்மார்க்கிடம்தான் வாங்க வேண்டும், அதுவும் கேட்டால்தான் தருவார்கள்.

விண்ணப்பத்தில் எழுதுங்கள், கூட வைக்கும் கடிதத்திலும் எழுதுங்கள், ஃபாரோவில் தங்கப்போகும் இடத்தின் முன்பதிவையும் இணையுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே ஒட்டியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். லண்டனில் வேலை செய்யும் நம்மவர்கள் எடின்பரோவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பிரிட்டன் விசா இங்கே உதவாது.

இரண்டே நாள் ஒதுக்கி, கடைசி நாளில் மிக்கினஸ் தீவை வைப்பது

கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மகள், தாத்தா. ஊரில் ஓர் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த திட்டம். வண்டி ஓட்டவும் சுற்றிக்காட்டவும் மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளி இரவு வந்து இறங்கி, சனிக்கிழமை காலை காசதாலூர் அருவி, மதியம் சாக்சுன், மாலை ஜெக்வ் கிராமம். ஞாயிறு காலை படகில் மிக்கினஸ் போய்ப் பஃபின் பறவை பார்த்துவிட்டு, அன்று மாலையே கோபன்ஹேகன் விமானம். திங்கள் காலை சென்னைக்கு.

அது ஜூலை மாதம். ஈரக்காற்று குளிர்ந்த கடல்மேல் வந்து மூடுபனியாகத் திரளும் பருவம். காசதாலூரில் அருவி கடலில் விழும் சத்தம் கணீரென்று கேட்டது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர். கம்பி வேலியில் வரிசையாக நீர்த்துளி, பெரியவருடைய மஃப்ளர் நூல்களிலும் அதே துளி. அரை மணி நேரம் நின்றார்கள். நான் கைப்பேசியை எடுத்துச் சாலைக் கேமராவைக் காட்டினேன். வடகிழக்கே க்ளாக்ஸ்விக் ஊரில் பளிச்சென்று வெயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால் போய்விடலாம். "பட்டியலில் அடுத்தது சாக்சுன்தானே சார்?" என்றார் அந்தக் கணவர். சாக்சுன் போனோம். அங்கேயும் வெள்ளை. ஜெக்விலும் வெள்ளை. அன்று இரவு பத்து மணிவரை க்ளாக்ஸ்விக்கில் வெயில் இருந்தது.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. துறைமுகத்துக்குப் போனால், படகு இல்லை. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெயிலடிக்கும்போது படகு ஓட்டாமல் என்ன துறைமுகம் என்று கேட்டார். கேட்பது நியாயம்தான், ஆனால் மிக்கினஸில் படகு அணைகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பாறைக்கு நடுவே குறுகலான ஒரு வாய். அதில் சில கான்கிரீட் படிகள். படகு அலையோடு ஏறி இறங்கும். ஏறுகிற அந்த ஒரு நொடியில் படகுக்காரர் மணிக்கட்டைப் பிடித்து நம்மைப் படியில் தூக்கி விடுவார். எங்கோ தென்மேற்கே அடித்த புயலின் அலை இரண்டு நாள் கழித்து இங்கே வரும். வானம் நீலமாக இருக்கும், படியில் அலை ஆள் உயரத்துக்கு ஏறும். யாரையும் இறக்க முடியாது.

மதியத்துக்குமேல் மறுபடி மூடுபனி. வாகர் விமான நிலையம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படை கட்டியது. கோபன்ஹேகனிலிருந்து வந்த விமானம் இறங்க முடியாமல் திரும்பிவிட்டது. திங்கள் மாலைதான் அவர்கள் கிளம்பினார்கள். சென்னை விமானம் காலையிலேயே போய்விட்டது. அது தனி டிக்கெட், வேறு நிறுவனம், ஒரு பைசா திரும்ப வரவில்லை. நான்கு பேருக்கும் புது டிக்கெட். அந்தப் பணத்தில் தீவுகளில் இன்னொரு வாரம் வசதியாகத் தங்கியிருக்கலாம்.

எனக்கு எரிச்சல் வானிலைமேல் இல்லை. இப்படியொரு திட்டத்தைக் கூசாமல் எழுதி, காசு வாங்கி, ஆட்களை அனுப்புகிறவர்கள்மேல். இந்த வருடமும் அதே திட்டம், பெயர் மட்டும் மாறி, என்னிடம் வந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த ஒருவர் இந்த இடத்தைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் பனி விலகும்போது என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஓரம் வெட்டிய பச்சை மலை நேராகக் கடலில் நிற்கும். மேலே புல்கூரை வீடுகள் நான்கைந்து, அவற்றுக்குக் கீழே அருவி. காசதாலூருக்கு மலையைக் குடைந்து சாலை வந்ததே இந்த நூற்றாண்டில்தான். அதுவரை தபால்காரர் மலை ஏறி இறங்கித்தான் கடிதம் கொண்டு வந்தார். அந்தக் கிராமத்தின் முன்னால் நின்றுகொண்டு மணியைப் பார்ப்பது கொடுமை.

சரி, எப்படித் திட்டமிடுவது? குறைந்தது ஐந்து இரவு, முடிந்தால் ஏழு. முதல் இரண்டு இரவை விமான நிலையம் இருக்கும் வாகர் தீவிலேயே வையுங்கள். மிக்கினஸ் படகு அங்கிருக்கும் ஸோர்வாகூர் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகிறது, முக்கால் மணி நேரப் பயணம். அதை இரண்டாம் நாளுக்குப் பதிவு செய்யுங்கள். ரத்தானால் இன்னொரு நாள் முயல இடமிருக்கும். பஃபின் பார்க்க மே முதல் ஆகஸ்ட் தொடக்கம்வரை நல்ல காலம். ஆகஸ்ட் முடிவதற்குள் அவை கடலுக்குப் போய்விடும்.

மற்ற நாட்களுக்கு 'காலை இது, மாலை அது' என்று எழுதாதீர்கள். போக வேண்டிய இடங்களை மட்டும் எழுதிக்கொண்டு, காலையில் காபி குடிக்கும்போது சாலைக் கேமராக்களைப் பாருங்கள். சாலைகளைப் பராமரிக்கும் லாண்ட்ஸ்வேர்க் என்ற அரசு அமைப்பு தீவுகள் எங்கும் கேமரா வைத்து, காற்றின் வேகத்தையும் சேர்த்து இணையத்தில் காட்டுகிறது. எங்கே வெயிலோ அங்கே வண்டியைத் திருப்புங்கள்.

எங்குமே வெயில் இல்லையென்றால் கிர்க்யூபூர் போங்கள். தலைநகர் டோர்ஷாவ்னிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1300-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய பேராலயம் கூரையில்லாமல் நிற்கிறது. பக்கத்திலேயே 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் மரவீடு, பதினேழு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில். அந்தப் பேராலயச் சுவருக்கு மூடுபனி அழகுதான் சேர்க்கும்.

திரும்பும்போது கோபன்ஹேகனில் ஓர் இரவு கட்டாயம். இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் கிடைக்குமானால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அப்படியே வாங்குங்கள்.

குடை எடுத்துப்போவது

வேண்டாம். முதல் காற்றிலேயே கம்பி வளைந்துவிடும்.

துருவ ஒளி பார்க்க இங்கே வருவது

மேகம் விடாது. நார்வேயில் ட்ரோம்சோவுக்குப் போங்கள்.

ஒற்றை வழிச் சுரங்கத்தில் தடுமாறுவது

கடலுக்கடியில் போகும் புதிய சுரங்கங்கள் அகலமானவை, பயமே இல்லை. 2020 டிசம்பரில் திறந்த எய்ஸ்துரோய் சுரங்கம் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் கடலடியில் ஒரு ரவுண்டானா. அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் எஃகு மனித உருவங்களைச் செய்தவர் ட்ரோண்டுர் பாதுர்சன் என்ற ஃபாரோக் கலைஞர். கட்டணம் உண்டு, வாடகை வண்டியென்றால் நிறுவனமே பில்லில் சேர்த்துவிடும்.

சிக்கல் பழைய சுரங்கங்களில். கால்சோய் தீவில் இருப்பவை ஒரே ஒரு வண்டி போகிற அகலம், விளக்கு கிடையாது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சுவரில் ஓர் ஒதுங்குமிடம், எம் என்ற எழுத்துப் பலகையோடு. அது யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். எதிரே விளக்கு தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று இருட்டில் கணிக்கவே முடியாது. இன்னும் ஒன்று தாண்டிவிடலாம் என்று துணியாமல், கையருகே இருக்கும் இடத்திலேயே ஒதுங்குங்கள். நடுவில் மாட்டினால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். நம்மூர்போல இல்லாமல் வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், முதல் நாளே இந்தச் சுரங்கங்களுக்குப் போகாதீர்கள்.

மக்களைவிட ஆடுகள் அதிகம். சாலையின் இந்தப் பக்கம் தாயும் அந்தப் பக்கம் குட்டியும் நின்றால், குட்டி குறுக்கே ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டின்மேல் மோதிவிட்டால் நிறுத்திக் காவல்துறையைக் கூப்பிட வேண்டும்.

வெறும் புல்தானே என்று இறங்கி நடப்பது

ஏறக்குறைய எல்லா நிலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. ஊரை ஒட்டி வேலிக்குள் இருக்கும் புல், குளிர்காலத்தில் ஆட்டுக்குப் போடும் தீவனம். அதில் படத்துக்காக நின்றால் விளைந்த வயலில் நிற்பதாக அர்த்தம். மேலே திறந்த மலையில் கல்லடுக்குகள் வழி காட்டும். அந்த வழியைவிட்டு விலகினால் பறவைகளின் கூடுகளை மிதிப்பீர்கள், மூடுபனி வந்தால் விளிம்பும் தெரியாது.

சில பாதைகளுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். கடலுக்கு மேலே ஏரி தொங்குவதுபோல் தெரியும் ட்ரேலானிபா பாறைக்கு ஆளுக்கு 200 டேனிஷ் குரோனர் அளவில் ஆகும். "நடக்கிறதுக்குமா காசு?" என்று வாசலில் நின்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். மழையில் ஊறிய மண், அதன்மேல் கோடை முழுக்க ஆயிரக்கணக்கான காலணிகள். பாதை அறுந்துபோகிறது. 2019 முதல் சுற்றுலாத் துறையே குறிப்பிட்ட சில இடங்களை வசந்தத்தில் சில நாட்கள் மூடி, வெளிநாட்டுத் தன்னார்வலர்களை வரவழைத்துப் பழுது பார்த்துவருகிறது. வந்தவர்கள் இலவசமாக வேலை செய்துவிட்டுப் போகிற ஊரில் 200 குரோனருக்குப் பேரம் வேண்டாம்.

ஹெலிகாப்டரில் போக வர இரண்டுக்கும் டிக்கெட் போடுவது

ஒரு வழி மட்டும். அது தனித்தீவுக்காரர்களுக்காக அரசு மானியத்தில் ஓடுகிறது.

ஃபாரோ நோட்டை ஊருக்குக் கொண்டுபோவது

மதிப்பு டேனிஷ் குரோனருக்குச் சமம், ஆனால் வெளியே மாற்றுவது பெரும்பாடு. கிளம்புமுன் டேனிஷ் நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று கிளம்புவது

அருவிக்குப் பக்கத்தில் டீக்கடை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சமையலறை உள்ள வீடாக எடுத்து, சனிக்கிழமையே டோர்ஷாவ்னில் சாமான் வாங்கிவிடுங்கள். சைவக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை.

அசைவக்காரர்கள் ஒன்றை விடக் கூடாது. இங்கே ஆட்டிறைச்சியை உப்பு போடாமல், பலகைக்குப் பலகை இடைவெளிவிட்ட மரக்கொட்டகையில் தொங்கவிட்டு, கடற்காற்றிலேயே மாதக்கணக்கில் புளித்து உலரவிடுகிறார்கள். வாசனை முகத்தில் அடிக்கும். கருவாடு பழகிய மூக்குக்கு இரண்டாவது வாயிலேயே பிடித்துவிடும். யாராவது வீட்டில் தட்டில் வைத்து நீட்டினால் முகத்தைச் சுளிக்காமல் ஒரு துண்டாவது எடுங்கள்.

தெற்கே போகாமல் திரும்புவது

எல்லோரும் வடக்கையும் மேற்கையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சான்டோய் தீவுக்கு 2023 டிசம்பர் முதல் சுரங்கம் இருக்கிறது, அங்காவது சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். தென்கோடியில் இருக்கும் சுதுரோய் தீவுக்கு இன்னும் படகுதான். டோர்ஷாவ்னிலிருந்து இரண்டு மணி நேரம், பெரிய படகு, வண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். பெய்னிஸ்வோர்த் பாறைமேல் ஏறினால் கடலிலிருந்து கிட்டத்தட்ட 470 மீட்டர் உயரம், பெரும்பாலும் உங்களைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பலாம், ஆனால் ஓர் இரவு தங்குங்கள். வண்டிக்கான இடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஜூலை கடைசியில் ஓலாவ்சோக்கா திருவிழா சமயத்தில் படகில் இடம் கிடைப்பது கஷ்டம்.